ரூத் கதையில் கடவுள் எங்கே? போவாஸை ஏன் தூக்கிவைத்துப் பேசுகிறோம்?

மே 13, மாலை. நானுஓயாவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

போன ஞாயிறு எங்கள் ஆலயத்தில் ரூத் புத்தகத்திலிருந்து பிரசங்கம். கடவுளின் காணாத கரம், போவாஸின் தாழ்மை என்று ஒரு மணிநேரம். வீட்டுக்கு வந்து நாலு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்தேன். கடல் பிளக்கவில்லை, தூதன் வரவில்லை, ஒரு கனவுகூட இல்லை. வசதியான நிலக்காரர் ஒருவர் ஏழைப் பெண்ணுக்கு இரக்கம் காட்டுகிறார், பிறகு கலியாணம் முடிக்கிறார். இதில் கடவுள் எங்கே? நிலக்காரருக்கு என்ன தாழ்மை? தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நமக்கு நல்ல துரை கதை புதிதா?

மே 13, இரவு 9.50

முதல் பாதிக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன், மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

மொத்தம் 85 வசனம். அதில் "கர்த்தர் இதைச் செய்தார்" என்று கதை சொல்பவரே சொல்வது ஒரே இடத்தில்தான், 4:13இல், ரூத் கர்ப்பந்தரிக்கும்போது. மற்ற இடங்களில் எல்லாம் ஆட்கள்தான் அவர் பெயரைச் சொல்கிறார்கள். வாழ்த்தும்போது சொல்கிறார்கள், சத்தியம் பண்ணும்போது சொல்கிறார்கள், ரூத்தின் மாமியார் நகோமி புலம்பும்போது சொல்கிறாள். ஆகவே நீங்கள் தேடியது கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

ஆனால் 2:3ஐ இன்னொரு தடவை பாருங்கள். ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள், "தற்செயலாய்" அது போவாஸின் வயலாக இருக்கிறது. எபிரேயத்தில் அந்தச் சொல்லை இரட்டித்துப் போட்டிருக்கிறார்கள், நேர்ந்தது அவளுக்கு நேர்ந்தது என்கிற மாதிரி. நம் பாட்டிமார் "நான் பாட்டுக்கு என்னமோ அந்தப் பக்கமாப் போனேன்" என்று கதையை ஆரம்பித்தால், சும்மா போகவில்லை, அங்கே ஏதோ இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காது நிமிரும் இல்லையா. அந்தத் தொனிதான் எனக்குக் கேட்கிறது.

மே 13, இரவு 10.20

கரண்ட் இருக்கிறது. இன்னும் கொஞ்சம்.

இந்தப் புத்தகத்தை மலையகத்து ஆள் வாசிக்கும்போது முதல் வசனத்திலேயே நின்றுவிடுவான். பஞ்சம். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று அர்த்தம், அங்கேயே அப்பம் இல்லை, நகோமியின் குடும்பம் மோவாப் தேசத்துக்கு மூட்டை கட்டுகிறது. நம் ஆட்கள் 1820களில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதும், 1876-78 பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக வந்ததும் இதே கதைதான். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழி நடை, வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல் 200 வருடத்தை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடி நடந்தார்கள். நகோமியின் புருஷன் எலிமெலேக்கும், ரூத்தின் புருஷன் உட்பட இரண்டு மகன்மாரும் மோவாபிலேயே செத்துப்போகிறார்கள், யாரும் அவர்களுக்காக நடக்கவில்லை.

நகோமி திரும்பி வருவது இன்னும் கிட்ட. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் கணக்கு எழுதிக்கொண்டது. என் பெரியம்மா குடும்பம் அதில் போனது, இப்போது கூடலூர் பக்கம். இங்கே இந்தியாக்காரி, அங்கே சிலோன்காரி. "நிறைவுள்ளவளாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பி வந்தேன்" என்று நகோமி ஊர்ப் பெண்கள் முன்னால் சொல்லும் இடத்தை வாசிக்கும்போதெல்லாம் பெரியம்மாவின் முதல் கடிதம் ஞாபகம் வரும். அதில் வேறொன்றும் இல்லை, இங்கே தேயிலை நம்முடையதைவிடக் குட்டை என்று எழுதியிருந்தார்.

மே 14, காலை

பிழை திருத்தம். 1:6ஐ விட்டுவிட்டாய் என்று பதுளைத் தம்பி பிடித்துவிட்டார். கர்த்தர் தம்முடைய ஜனங்களுக்கு ஆகாரம் கொடுத்தார் என்று அங்கே இருக்கிறது. சரிதான். ஆனால் அது நகோமி கேள்விப்பட்டது. மோவாப் வயல்வெளியில் காதில் விழுந்த செய்தி. அரைக் கணக்கு வைத்துக்கொள்வோம்: ஒன்றரை இடம்.

எஸ்தர் புத்தகத்தில் அந்த ஒன்றரையும் இல்லையே என்று கண்டி அக்கா கேட்டிருக்கிறார். ஆமாம், எபிரேய எஸ்தரில் கடவுள் பெயரே வராது, ராஜாவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதில் கதை திரும்புகிறது. கத்தோலிக்கர் வைத்திருக்கும் விவிலியத்தில் கிரேக்கப் பகுதிகளும் சேர்ந்திருப்பதால் அங்கே ஜெபம் எல்லாம் உண்டு. எனக்கு ரூத்தான் பிடிக்கும். எஸ்தரில் எல்லாம் அரண்மனை, இதில் எல்லாம் வேலைத்தலம்.

மே 15, இரவு

இப்போது இரண்டாவது பாதி, தாழ்மை.

போவாஸ் வயலுக்கு வருகிறார். அறுக்கிறவர்களைப் பார்த்து முதலில் அவர்தான் வாழ்த்துகிறார், "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" (2:4). காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு துரை முதலில் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதை நான் பார்த்ததில்லை. அப்புறம் கண்காணிக்க வைத்த வேலைக்காரனிடம் இந்தப் பிள்ளை யாருடையவள் என்று கேட்கிறார். நம் கங்காணி என்ற சொல் அந்தக் கண்காணியிலிருந்து வந்ததுதான். கங்காணி பதில் சொல்கிறான்: மோவாப்காரி, நகோமியோடு வந்தவள், காலையிலிருந்து நிற்கிறாள். ஒரு சொல் கூட்டிக் குறைக்கவில்லை.

பிறகு வரிசையாகப் பாருங்கள். வாலிபர்கள் அவளைத் தொடக்கூடாது என்று சொல்லிவைக்கிறார். தாகம் எடுத்தால் வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரையே குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு நேரம் கூப்பிட்டு உட்காரவைத்து, வறுத்த தானியத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறார், அவள் தின்று மீதியும் வைக்கிறாள். அந்த மீதி மாமியாருக்குப் போகிறது. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் கொடுத்த திரிபோஷா சத்துமாவைத் தின்னாமல் தங்கச்சிக்குச் சட்டைப்பையில் கொண்டுவந்த ஆள் நான், அதனால் அந்த வரியை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் நேரில் செய்தது. அவள் எழுந்துபோன பிறகு சொன்னது 2:16இல்: அவளுக்காக அரிகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள், அதட்டாதிருங்கள். சும்மா கொடுத்திருக்கலாமே, மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே? அவள் தானாகப் பொறுக்கியதாகவே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ரூத்துக்கு இது தெரிந்ததாகப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. கடவுள் எங்கே என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்த பதில் அந்த வசனம்தான். கொடுக்கும் கையே தன்னை மறைத்துக்கொள்கிறது, அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை இருந்தால் அது எப்படிக் கண்ணில் படும்?

மே 16, காலை

எதிர்பார்த்த அடி விழுந்தது. "கங்காணியையும் துரையையும் பரிசுத்தவான்கள் ஆக்காதே" என்று மஸ்கெலியாத் தோழர். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. கங்காணி என்றால் நம் வரலாற்றில் ஆள் பிடித்தவர், கடன் எழுதியவர், ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தண்ணீருக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்ததை நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வெயில் காலத்திலும் தண்ணீர்க் கழிவு உண்டு, அதுதான் பகிடி.

இன்னொன்றையும் தோழருக்கு விட்டுக்கொடுக்கிறேன். கதிர் பொறுக்குவது போவாஸ் போட்ட பிச்சை இல்லை. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று லேவியராகமம் 19இல் சட்டமே இருக்கிறது. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே என்று உபாகமம் 24. அவளுக்கு உரிமை இருந்தது. பிரசங்கத்தில் இதைச் சொல்வதில்லை, இரக்கம் இரக்கம் என்றே போய்விடுகிறார்கள்.

ஆனால் தோழரே, சட்டம் இருந்தும் "யாருடைய கண்களில் எனக்குத் தயை கிடைக்குமோ" என்றுதான் அவள் புறப்படுகிறாள். வேறு வயலில் உனக்குப் பொல்லாப்பு வரும் என்று நகோமியே பிறகு பயப்படுகிறாள். நமக்கும் அப்படித்தான்: தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்று 2021இல் வர்த்தமானியில் வந்தது, அந்த ஆயிரமும் முழுசாகக் கையில் வர எத்தனை கிலோ என்று மடுவத்தில்தான் தீர்மானமானது.

மே 17, இரவு. கொஞ்சம் நீளம்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1994, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அப்பா கொழும்பில் கடை வேலைக்குப் போய் ஐந்து மாதம் கடிதம் இல்லை. தங்கச்சி கைக்குழந்தை. அம்மாவுக்கு ரெண்டு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். அப்போது எங்கள் தோட்டத்தில் 16 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தெரியாதவர்களுக்கு: பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அரைப்பேரில் மூன்று பிள்ளைகளுக்கு மா வாங்கவே சரி.

எங்கள் அம்மாவுக்கு அந்த ரெண்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் முழுப்பேர் விழுந்தது. பேர்ச் சிட்டையை நான்தான் வாசித்துச் சொல்வேன். காய்ச்சலோடு எப்படி என்று கேட்டால், "சாமி குடுக்குறாருடா" என்பார். பிள்ளைகளுக்கு அது பெரிய அற்புதம். சண்டே ஸ்கூலில்கூட நான் சாட்சி சொன்னேன்.

இருபது வருடம் கழித்து, பெண்டுகளுக்குக் கங்காணியாக இருந்த அந்தக் கிழவர் செத்த வீட்டில், பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அம்மா மத்தியானம் தங்கச்சிக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்குப் போவார். கூடை ரோட்டு ஓரத்தில் இருக்கும். அந்த நேரம் கிழவர் ஒன்றும் பேசாமல் மட்டக்கம்பால் கூடையைத் தட்டிக் காட்டுவாராம். எட்டுப் பெண்கள், ஆளுக்கு ரெண்டு கைப்பிடி கொழுந்தை அம்மாவின் கூடையில் போடுவார்களாம். பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று மலையைப் பார்ப்பாராம். யாராவது வாயைத் திறந்தால் நாளைக்கு முறிகொழுந்து மலைக்கு அனுப்புவேன் என்று மிரட்டலும் உண்டு.

மற்ற நாளில் அந்த ஆள் நல்லவரா என்றால், இல்லை, கெட்ட வாய். நானே கல்லால் அடிக்கப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் தோழர் விடமாட்டார்.

அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. ரூத்துக்குச் சொல்லாத மாதிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 19, மத்தியானம்

கணக்கு ஒன்று, வேலைக்கு நடுவில்.

2:17இல் ஒரு நாள் பொறுக்கியது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை என்று இருக்கிறது. நம் ஊர் மரக்கால் வேறு, மூலத்தில் அது எப்பா, சுமார் 22 லீட்டர். மன்னா கதையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஓமர், எப்பாவில் பத்தில் ஒன்று (யாத்திராகமம் 16). அப்படியென்றால் பத்துப் பேருக்கு ஒரு நாள், ரெண்டு பெண்களுக்கு ஐந்து நாள் சாப்பாடு. பொறுக்கிச் சேர்த்ததில்! கொழுந்தில் சொன்னால் பல நாள் முழுப்பேரை ஒரே நாளில் எடுத்த மாதிரி.

மே 19, இரவு

மத்தியானக் கணக்கை எழுதிவிட்டு வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது. அடுத்த வசனத்திலேயே நகோமி அதைப் பார்க்கிறாள். "எங்கே கதிர் பொறுக்கினாய்? உன்னை விசாரித்தவன் ஆசீர்வதிக்கப்படுவானாக." ஆள் யார் என்று தெரியாது, பெயர் கேட்கவில்லை, அதற்கு முன்பே வாழ்த்து. அளவைப் பார்த்தவுடனே இதில் வேறொரு கை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வயல் பழகிய கண் அல்லவா. அப்படியானால் யாருக்கும் தெரியாமல் செய்தார் என்று 15ஆம் திகதி எழுதியதை நான் பாதியாவது திரும்ப எடுக்க வேண்டும்.

மே 22

மூன்றாம் அதிகாரத்தைத் தாண்டிப் போகிறீர்கள் என்று பலர். ஆமாம், ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் அதிகாரம்தான், போவாஸ் படுத்திருக்கும் களத்துக்கு ரூத் ராத்திரியில் போகிறாள், போர்வை என்றெல்லாம் வருவதால்.

பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்த போதகர் ஒருவர் எனக்கு இதைக் காட்டினார், அன்றிலிருந்து தலையை விட்டுப் போகவில்லை. 2:12இல் போவாஸ் அவளை ஆசீர்வதிக்கிறார், கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலம் தேடி வந்தாயே என்று. 3:9இல் அவள் உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்கிறாள். தமிழில் செட்டை வேறு, போர்வை வேறு. எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல், கானாப். அன்றைக்கு ஜெபம் பண்ணினீரே அந்தச் செட்டை, அதை நீரே விரியும் என்று திருப்பிக் கேட்கிறாள்!

போவாஸைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. வாற்கோதுமை அறுப்பு, கோதுமை அறுப்பு இரண்டும் முடியும்வரை அவள் அவர் கண்முன்னேதான் பொறுக்கினாள். உறவுக்காரர் என்று தெரியும், செத்தவனின் நிலத்தையும் விதவையையும் உறவுக்காரன் ஏற்றுக்கொள்ளும் மீட்கும் முறை தெரியும், ஒன்றும் செய்யவில்லை. நல்ல சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்திருப்பார். ஒரு பரதேசிப் பெண் ராத்திரியில் வந்து கேட்க வேண்டியதாயிற்று. ஆனால் கேட்டவுடன் கோபப்படவில்லை, நீ யார் எனக்குச் சொல்ல என்று கேட்கவில்லை. மகளே நீ ஆசீர்வதிக்கப்படுவாயாக என்கிறார், விடிந்தவுடன் ஊர்வாசலுக்குப் போகிறார். தாழ்மை என்று பிரசங்கியார் சொன்னது எனக்கு இங்கேதான் தெரிகிறது, வயலில் வணக்கம் சொன்னதில்கூட இவ்வளவு இல்லை. எங்கள் தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் ஒரு கொழுந்துக்காரப் பெண் போய் "நீங்கள் மேடையில் சொன்னதைச் செய்யுங்கள்" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அனுப்பும்போது ஆறுபடி வாற்கோதுமை கொடுத்து, மாமியாரிடம் வெறுமையாய்ப் போகவேண்டாம் என்கிறார். அந்த "வெறுமையாய்" நகோமி முதல் அதிகாரத்தில் சொன்ன அதே சொல். அவள் ஊர்ப் பெண்களிடம் அழுதது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

மே 23

ஊர்வாசலில் போவாஸ் சந்திக்கும், மீட்க முதல் உரிமையுள்ள அந்தக் கிட்டின உறவுக்காரனுக்குப் பெயர் என்ன என்று ஒரு கேள்வி. பெயரே இல்லை. "இன்னார்" என்பதுபோல ஒரு சொல்தான் மூலத்தில். நிலம் என்றால் வாங்குகிறேன் என்றான், மோவாப்காரியும் சேர்ந்து வருவாள் என்றதும் என் சுதந்தரம், அதாவது சொத்துப் பங்கு, கெட்டுப்போகும் என்று உரிமையை விட்டதற்கு அடையாளமாகச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். தன் பெயரை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றியவனின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்தது அக்கம்பக்கத்துப் பெண்கள்: ஓபேத், ஊழியம் செய்கிறவன் என்று அர்த்தம். தாவீது ராஜாவின் தாத்தா.

ஜூன் 1, இரவு

சொல்லக்கூடாது என்று இருந்தேன், நேற்று வாய் தவறிவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு ரூத் எடுக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், சிந்திவிடும் வசனம் வந்ததும் அந்தக் கங்காணியையும் எட்டுப் பேரையும் சொல்லிவிட்டேன்.

அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதாடா? வச்சுட்டுப் போன கூடை, வந்து தூக்குனா கூடைக்கயிறு நெத்திய இழுக்குது. பாரம் தெரியாமலா?"

முதல் நாளே தெரியுமாம். பிறகு ஏன் சாமி கொடுக்கிறார் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "வேற யாரு குடுத்தா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கிழவரிடம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையா என்றேன். "சொன்னா அந்த மனுசன் வெக்கப்பட்டு என்னைய வேற மலைக்குப் போட்டிருப்பாரு. நானும் அந்தப் பக்கம் பாக்காமலே வந்து கூடையத் தூக்கிக்குவேன்."

இந்த முப்பது வருடத்தில் நான் ஒரு பக்கம் ரகசியம் காத்திருக்கிறேன், கிழவர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். ரூத்துக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பொறுக்குகிறவளுக்குக் கீழே விழுந்த கதிருக்கும் போட்ட கதிருக்கும் வித்தியாசம் தெரியாதா என்ன.

ஜூன் 2, காலை

யூதர்கள் பெந்தெகொஸ்தே பண்டிகையில் ரூத் புத்தகத்தை வாசிப்பது வழக்கம், இந்தக் கிழமைதான் அது, அதனால் நம் கூட்டத்துக்கும் பொருத்தம் என்று கண்டி அக்கா எழுதியிருக்கிறார். நன்றி அக்கா.

அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களையும் ஞாயிறு கூட்டத்துக்குக் கூப்பிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "கூப்பிடு, டீ குடுப்போம். கொழுந்து கதைய மட்டும் எடுத்த, பாத்துக்க."

ஆகவே ஞாயிறு நாலாம் அதிகாரம், செருப்புக் கழற்றும் இடம்.